காலையில் காப்ஸ்யூல், மாலையில் மாத்திரை

மாஸ்டருக்குக் கோபம் வந்தால் வண்டி நின்றுவிடும். பேச்சுக்குச் சொல்வதில்லை, நிஜமாகவே நின்றுவிடும். டிரைவிங் ஸ்கூல் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அவள் கால் அதன் மேலேயேதான் குடியிருக்கும். எதிரே லாரி வந்தாலும் மிதிப்பாள், கண்ணாடியைப் பார்க்காமல் வண்டியைத் திருப்பினாலும் மிதிப்பாள், பக்கத்தில் இருப்பவர் அசட்டுத்தனமாக ஏதாவது பேசினாலும் மிதிப்பாள். பெண்பிள்ளை மாஸ்டர்தானே, பதமாகச் சொல்லித்தருவார் என்று நம்பி வந்து சேர்ந்தவர்கள் எல்லாம் முதல் நாளே நொந்துபோய் வீடு திரும்பியிருக்கிறார்கள்.

அன்று காலை அவள் மிதித்த மிதியில் ஓரகத்தியின் மூக்குக்கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது.

ஓரகத்தி என்றால் மாஸ்டருடைய கொழுந்தனின் மனைவி. ஒரு மாதமாக வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தாள். சொந்தம் என்பதால் ஃபீஸ் கிடையாது. அதே சொந்தம் என்பதால் திட்டு இரட்டிப்பு. பயத்தில் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, பயம் தெரியாமல் இருக்க வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள். அப்படித்தான் அன்றும் பேசினாள்.

"அத்தானுக்கு அந்த ஜுரம் சுத்தமா விட்டுடுச்சா அக்கா? இவர் குடுத்த மாத்திரை கொஞ்சம் ஸ்ட்ராங்குதான். எனக்கு ஒரு தடவை குடுத்தாரு, பாத்ரூமே கதின்னு கிடந்தேன் நான்."

அப்போதுதான் வண்டி நின்றது. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திவிட்டு என்னவோ திட்டிக்கொண்டே சுற்றிப் போனான்.

"எந்த ஜுரம்?" என்றாள் மாஸ்டர்.

ஓரகத்திக்கு முகம் வெளுத்துவிட்டது. கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா? ஐயோ, நான் ஒரு உளறுவாய்."

"எந்த ஜுரம், எந்த மாத்திரை, எப்போ? மூணுக்கும் பதில் சொல்லாம இந்த வண்டி நகராது."

சொன்னாள். போன மாதத்துக்கு முந்தின மாதம். இருமலும் ஜுரமும். தன் கணவர் அவருடைய மருந்துக் கடையிலிருந்து ஆன்டிபயாடிக் கொண்டுபோய்க் கொடுத்தார். அத்தான் வாரம் முழுக்கச் சாப்பிட்டார். அவ்வளவுதான் தெரியும், வேறொன்றும் தெரியாது, தன் தலையை உருட்டாதீர்கள் என்று அழாத குறையாக முடித்தாள்.

மாஸ்டர் கதவைத் திறந்தாள். இறங்கி இந்தப் பக்கம் வந்து, ஓரகத்தியை நகர்ந்து உட்காரச் சொல்லி, தானே ஸ்டியரிங்கைப் பிடித்தாள். அவளுக்கு ஏன் அத்தனை ஆத்திரம் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அவளுடைய கணவர் லிஃப்ட் மெக்கானிக். பேச்சு என்றால் காசு கேட்பார்களோ என்பது போல வாயை மூடிக்கொண்டே இருக்கும் மனிதர். சிறுநீரகத்தில் கட்டி வந்தது, எடுத்தார்கள். எடுத்த பிறகு நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. அதற்குத்தான் மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஓர் ஊசி. சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஊசி என்ன செய்கிறது என்று பெரிய டாக்டர் முதல் நாளே அவளுக்குப் புரியும்படி சொல்லியிருந்தார்.

"நீங்க டிரைவிங் மாஸ்டர் இல்லையா? உங்களுக்குச் சுலபமாப் புரியும். நம்ம உடம்புல எதிரியை அடிக்கிற படை ஒண்ணு இருக்கு. புற்றுநோய் என்ன பண்ணுதுன்னா, அந்தப் படையோட பிரேக்கைக் காலால மிதிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இந்த ஊசி அந்தக் காலை எடுத்துவிடும். அப்புறம் படை தானா ஓடும்."

அந்த ஆஸ்பத்திரியில் கூடவே ஓர் ஆராய்ச்சியும் நடந்துகொண்டிருந்தது, கணவரையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். குடலில் கோடிக்கணக்கில் குடியிருக்கும் கிருமிகளில் நல்லவை இருக்கின்றன, அவை அந்தப் படையைத் தட்டிக்கொடுத்து வளர்க்கின்றன, அவை செழிப்பாக இருப்பவர்களுக்கு ஊசி நன்றாகக் கேட்கிறதா என்று பார்க்கிறார்கள். உயிருள்ள நல்ல கிருமிகளைக் காப்ஸ்யூலில் அடைத்துக் காலையில் வெறும் வயிற்றில் விழுங்கத் தருவார்கள். காப்ஸ்யூலுக்கு இரட்டை உறை. இரைப்பை அமிலத்தில் கரையாது. அதைத் தாண்டிக் குடலுக்குப் போன பிறகுதான் திறக்கும்.

"லிஃப்ட் மாதிரி," என்றார் கணவர். அபூர்வமாக வாயைத் திறந்து சொன்ன ஜோக். "நடுவுல எந்த மாடியிலயும் கதவு திறக்கக் கூடாது. கடைசியிலதான் திறக்கணும்."

ஆராய்ச்சியைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டர் சிரித்துவிட்டு, சிரிப்பை உடனே நிறுத்தி ஒன்று சொன்னார்.

"எங்களைக் கேக்காம வேற எந்த மாத்திரையும் போடாதீங்க. முக்கியமா ஆன்டிபயாடிக். அது நல்ல கிருமி கெட்ட கிருமின்னு பாக்காது, எல்லாத்தையும் சேத்து அழிச்சுடும். ஆன்டிபயாடிக் சாப்பிட்ட நிறைய பேருக்கு இந்த ஊசி அவ்வளவா கைகொடுக்கலன்னு பல இடத்துல பாத்திருக்காங்க. ஜுரமோ இருமலோ எது வந்தாலும் உடனே எனக்கு போன் பண்ணுங்க."

மாஸ்டர் தலையை ஆட்டினாள். ஆட்டியதோடு நிற்கவில்லை, அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தாள். ஃபிரிட்ஜில் ஒரு தட்டு முழுக்கக் காப்ஸ்யூலுக்கு ஒதுக்கினாள். அந்தத் தட்டில் ஒரு தக்காளி வைத்ததற்காக மகளிடம் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இருமிக்கொண்டு நலம் விசாரிக்க வந்த பக்கத்து வீட்டுக்காரரை வாசலிலேயே நிற்கவைத்து, "நலமாத்தான் இருக்கார், நீங்க நலமானதும் வாங்க" என்று திருப்பி அனுப்பினாள். காயும் பயறும் பழமுமாகச் சமைத்தாள். காலை எழுந்ததும் தண்ணீர் டம்ளரோடு கணவரின் எதிரில் நின்று, அவர் தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் நகருவாள்.

இத்தனைக்கும் பிறகு போன வாரம் ஸ்கேன் வந்தது. கட்டி வளர்ந்திருந்தது.

மாஸ்டர் அன்று முழுக்கத் தன்னையே திட்டிக்கொண்டாள். கரண்ட் போன அன்றைக்கு ஃபிரிட்ஜ் சூடாகிக் காப்ஸ்யூல் கெட்டுப்போயிருக்குமோ? தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருந்ததோ? நான் சமைத்ததில் ஏதாவது குறையோ? குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள். கணவர் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். தான் மாத்திரை சாப்பிட்டதை அப்போதும் சொல்லவில்லை. காலையில் இவள் கிருமிகளைக் குடிவைக்க, மாலையில் அவர் தம்பி கொடுத்ததைப் போட்டு அதுகளைக் காலிசெய்திருக்கிறார்! இதைவிட ஒரு கேலிக்கூத்து உண்டா?

மருந்துக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி, ஓரகத்தியை அதிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

கொழுந்தனைக் குடும்பத்தில் எல்லோரும் குட்டி டாக்டர் என்பார்கள். படித்தது மருந்தாளுநர் படிப்பு. ஆனால் சொந்தக்காரர்கள் யாருக்கு உடம்புக்கு வந்தாலும் முதலில் அவனுக்குத்தான் போன். அவன் ஏன் எதற்கு என்று கேட்க மாட்டான். மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி, சின்னக் காகித உறையில் போட்டு, உறையின் மேல் காலை ஒன்று ராத்திரி ஒன்று என்று எழுதித் தருவான். டாக்டர் வீட்டு வாசலில் காத்துக்கிடக்க வேண்டாம். அந்தக் குடும்பத்தில் பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரிக்கு வழியே தெரியாது. அந்தப் பெருமை அவன் முகத்தில் எப்போதும் மினுமினுக்கும்.

கவுண்டரில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். மாஸ்டர் அவர்களுக்கு நடுவில் புகுந்தாள்.

"அண்ணி! வாங்க வாங்க. என்ன இந்தப் பக்கம்?"

"உங்க அண்ணனுக்கு ஆன்டிபயாடிக் குடுத்தியா?"

கத்தரிக்கோல் அப்படியே நின்றது. திருதிருவென்று விழித்தான். "உள்ள வந்து பேசலாமே," என்றான்.

பின்னால் இருந்த அறையில் அட்டைப் பெட்டிகள் கூரை வரை அடுக்கியிருந்தன. ஒரு ஆள் நிற்கும் இடத்தில் இரண்டு பேரும் நின்றார்கள்.

"சாதாரண ஆன்டிபயாடிக்தான் அண்ணி. ஊர்ல பாதிப் பேர் முழுங்குற மாத்திரை."

"ஊர்ல பாதிப் பேருக்கு நுரையீரல்ல கட்டி இருக்கா? ஆராய்ச்சியில சேத்திருக்காங்க, கேக்காம எதுவும் குடுக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"தெரியும். ஆனா அண்ணன்தான் கேட்டாரு. ஜுரம்னு தெரிஞ்சா ஊசியைத் தள்ளிப்போட்டுடுவாங்கன்னு பயந்தாரு. அந்த ஊசியை நம்பித்தானே உக்காந்திருக்காரு? நாலு நாள்ல சரியாயிடும், யாருக்கும் தெரிய வேண்டாம்னாரு. நல்லதுன்னு நினைச்சுத்தான் குடுத்தேன்."

"நல்லதுன்னு நினைச்சியா? நினைக்கிறதுக்கு உனக்கு யாருடா சம்பளம் குடுக்கிறா? ஒரு போன்! அந்த சிஸ்டருக்கு ஒரே ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா உன் கிரீடம் இறங்கிப் போயிருக்குமா?"

வெளியே கவுண்டரில் நின்றவர் தொண்டையைக் கனைத்தார். "சார், என் மாத்திரை," என்றார்.

"இருங்க! ஒரு குடும்பத்தையே மொட்டையடிச்சுட்டு நிக்கிறான், உங்களுக்கு மாத்திரை அவசரமா?" என்று மாஸ்டர் போட்ட சத்தத்தில் அவர் அடுத்த கடைக்கே போய்விட்டார்.

குட்டி டாக்டர் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, நாளைக்கு டாக்டரைப் பாக்கப் போறீங்க. இதை அங்க சொல்லாதீங்க. டாக்டர் சீட்டு இல்லாம ஆன்டிபயாடிக் குடுத்தேன்னு ஆஸ்பத்திரியிலேருந்து எழுதிப் போட்டா என் கடை லைசென்ஸே போயிடும். நடந்தது நடந்துபோச்சு. சொன்னா மட்டும் கட்டி கரைஞ்சிடுமா?"

"கரையாது. ஆனா நாளைக்கு அந்த டாக்டர் என்ன முடிவெடுக்கப் போறார் தெரியுமா? ஊசி கேக்கலன்னு நிறுத்தப் போறார். ஊசி கேக்கலையா, நீ கேக்கவிடலையான்னு அவருக்குத் தெரிய வேண்டாமா?" அவள் மூச்சு வாங்கினாள். "லைசென்ஸ் போனா கவலைப்படாதே. மூணு தடவை ஃபெயிலானவனுக்கே வாங்கிக் குடுத்தவ நான். நாளைக்குக் காலையில நீயும் வர. மாத்திரை பேர் என்ன, எவ்வளவு குடுத்த, எல்லாத்தையும் உன் வாயாலயே சொல்ற. வரலைன்னா நானே வந்து இழுத்துட்டுப் போவேன்."

அவள் இழுத்துக்கொண்டு போவாள் என்பதில் அவனுக்குத் துளியும் சந்தேகம் இல்லை. தலையை ஆட்டினான்.

வீட்டில் கணவர் பழைய ஸ்விட்ச் போர்டு ஒன்றைப் பிரித்து மேஜையில் பரப்பிவைத்திருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் மாஸ்டர் ஆரம்பித்தாள். எல்லாவற்றையும் கொட்டினாள். காவல் காத்தது, பக்கத்து வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டது, மகளோடு பேசாமல் இருந்தது, குளியலறையில் அழுதது. நான் என்ன மண்ணாங்கட்டியா, உங்களோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்துகிறவளா என்று கேட்டாள். அவர் ஒரு திருகாணியை எடுத்து அதன் இடத்தில் வைத்தார்.

"வாயைத் திறங்க! கல்லுளிமங்கன் மாதிரி உக்காந்திருந்தா என்ன அர்த்தம்?"

"தம்பி கடையைக் கெடுத்துடாதே," என்றார் அவர்.

அவ்வளவுதான். மாஸ்டர் பத்திரகாளியாகிவிட்டாள். தன் உயிரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தம்பி கடையாம்! மேஜையில் இருந்த ஸ்விட்ச் போர்டை அப்படியே வாரி அலமாரிக்குள் போட்டுச் சாத்தினாள். மாலை மகள் வந்தபோதும் கத்திக்கொண்டிருந்தாள், சோறு வைக்கும்போதும் கத்திக்கொண்டிருந்தாள். பாத்திரங்கள் அன்று பட்ட பாடு சொல்லி மாளாது. கணவர் சாப்பிட்டு எழுந்து படுக்கப் போய்விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் குட்டி டாக்டர் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருந்தான். தலையை நனைத்து வாரி, பரீட்சைக்கு வந்த பையன் போல இருந்தான். மூன்று பேரும் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். நடுவில் மாஸ்டர். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

உள்ளே போனதும் பெரிய டாக்டர் திரையில் ஸ்கேனைத் திறந்துவைத்துக்கொண்டு மெதுவாகத் தொடங்கினார். ஓரத்தில் ஆராய்ச்சி சிஸ்டர் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ரெண்டு கட்டியும் வளர்ந்திருக்கு. இந்த ஊசி இவருக்குக் கேக்கலன்னுதான் தோணுது. நிறுத்திட்டு வேற மாத்திரைக்கு மாறலாம்னு..."

"ஒரு நிமிஷம் டாக்டர்," என்றாள் மாஸ்டர். "அதுக்கு முன்னால இவன் ஒண்ணு சொல்லணும். சொல்லுடா."

குட்டி டாக்டர் எழுந்து நின்றான். "லேசா ஜுரம் இருந்துச்சு டாக்டர், அதனால லேசா..."

"லேசா எல்லாம் இல்ல. பேரைச் சொல்லு."

சொன்னான். மாத்திரை பெயர், அளவு, எத்தனை நாள், ஊசிக்கு முன்பா பின்பா, எல்லாம் வந்தது. கடைசியில் சீட்டு இல்லாமல் கொடுத்தது தன் தப்பு என்பதும் வந்தது. சிஸ்டர் கையில் இருந்த பேனாவை மேஜை மேல் வைத்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார்.

"நீங்க மருந்தாளுநர்தானே?" என்றார். குரல் உயரவில்லை. அதனால்தான் அவனுக்கு அதிகம் உறைத்திருக்க வேண்டும். "ஆன்டிபயாடிக் வேணும்னா நானே குடுப்பேன். பாத்துட்டுக் குடுப்பேன். எதனால ஜுரம்னு தெரியாம நீங்க எப்படிக் குடுத்தீங்க?"

அவன் மெல்ல உட்கார்ந்தான்.

"இந்த மாத்திரையாலதான் கட்டி வளர்ந்துச்சா டாக்டர்?" என்றாள் மாஸ்டர்.

"தெரியாதும்மா. ஆமான்னு என்னால சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. இது இல்லாமலே ஊசி கேக்காமப் போற ஆளுங்க நிறைய இருக்காங்க. ஆனா இது தெரியாம இன்னைக்கு நான் ஊசியை நிறுத்தியிருப்பேன். இப்போ அவசரப்பட மாட்டேன். இன்னும் ரெண்டு தடவை போட்டு, மறுபடி ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு முடிவு பண்ணுவோம்."

"ஆனா ஆராய்ச்சியில இனிமே இவர் இருக்க முடியாது," என்றார் சிஸ்டர். அவருக்கும் கோபம் இருந்தது, அடக்கிக்கொண்டார். "காப்ஸ்யூலை இன்னைக்கே நிறுத்தணும். மீதி இருக்கறதைத் திருப்பிக் குடுத்துடுங்க."

மாஸ்டர் அத்தனை காலையும் டம்ளரோடு நின்றதெல்லாம் ஆற்றில் கரைத்த புளியாகப் போயிற்று. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் கணவரின் பக்கம் திரும்பினார்.

"ஜுரம் வந்தா போன் பண்ணுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கோம்? இது ஆராய்ச்சிக்காக மட்டும் சொல்றது இல்ல. பிரேக்கை எடுத்துவிட்ட படை சில சமயம் நம்ம நுரையீரலையே அடிக்கும், குடலையே அடிக்கும். அதுவும் இருமலாத்தான் தெரியும், ஜுரமாத்தான் தெரியும். மறைச்சா ஆளே போயிடலாம். ஏன் சொல்லல? ஊசி ஒரு வாரம் தள்ளிப்போனா குடியா முழுகிடும்?"

கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்காமலே மனைவி பக்கம் லேசாகக் கையைக் காட்டினார்.

"ஊசி தள்ளிப்போனா இவ கத்துவா. ஜுரம் எப்படி வந்துச்சுன்னு கத்துவா. யாரை வீட்டுக்குள்ள விட்டேன்னு கத்துவா. என்னால தாங்க முடியல டாக்டர்."

குட்டி டாக்டர் சுவரைப் பார்த்தான். சிஸ்டர் தன் கையைப் பார்த்துக்கொண்டார். மாஸ்டருக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. பழி கடைசியில் தன் தலையிலா? காத்தவள் மேலேயா?

"கத்துவேன்தான்!" என்றாள். குரல் வராந்தா வரை கேட்டது. "ஆமா, கத்துவேன். எனக்கு வேற என்ன தெரியும்? டாக்டருக்கு ஊசி போடத் தெரியும், இவங்களுக்கு ஆராய்ச்சி தெரியும், உங்க தம்பிக்கு மாத்திரை வெட்டத் தெரியும். எனக்குக் கத்தத்தான் தெரியும். நீங்க செத்துப்போயிட்டா நான் யாரைப் பாத்துக் கத்துறது? சொல்லுங்க, யாரைப் பாத்து? அந்த ஸ்விட்ச் போர்டைப் பாத்தா?"

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. அதுவும் அவளுக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. புடவைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

கணவர் தலையை நிமிர்த்தினார். அவளை நேராகப் பார்த்தார். சொல்லலாமா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் தவித்தது முகத்தில் தெரிந்தது.

"இப்பவும் இருக்கு," என்றார்.

"என்ன இருக்கு?"

"ஜுரம்."

சிஸ்டர் சட்டென்று எழுந்து தெர்மாமீட்டரை எடுக்கப் போனார். டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அவர் பக்கம் வந்து மணிக்கட்டைப் பிடித்தார். அன்று ஊசி கிடையாது என்பது சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மாஸ்டர் வாயைத் திறந்தாள். திறந்த வாயில் ஆயிரம் வார்த்தை முட்டிக்கொண்டு நின்றது. கணவர் தோளைக் குறுக்கிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தார்.

"எப்போலேர்ந்து?" என்று கேட்டாள்.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து," என்றார் அவர். "நீ கத்திக்கிட்டிருந்தியே, அப்போலேர்ந்து."